கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? ஃபார்மட் போடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரை சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது, "சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?" என்றுதான். நம்மில் பலர் யோசிக்காமல் "இல்லீங்க, எல்லாம் டி டிரைவ்ல இருக்கு" என்று சொல்லிவிடுவோம். டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல்கள் எல்லாமே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது, சாயங்காலம் மெஷினை வாங்கிவந்து திறந்து பார்க்கும்போதுதான் உறைக்கும். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவையும் அங்கேதான்.

ஃபார்மட், அதாவது விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது, ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இருக்கும் மெஷினில் அரை மணி, முக்கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் எதை எடுத்து வைக்கிறோம், பின்னால் எதைத் திரும்ப உள்ளே விடுகிறோம் என்பதில்தான் நேரமும் கவனமும் போக வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் அதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. முன்பின் செய்து பழக்கமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அவசரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு, இந்த மூன்றில் எது மேலேயே நிற்கிறது என்று கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, பக்கத்தில் எச்டிடி என்றும் எழுதியிருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்கில், படிக்கும் முள் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் இடம் மாறிப் போயாக வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய நூறு துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. எஸ்எஸ்டி நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துத் தரும். இன்றைய விண்டோஸ் பின்னணியில் ஓயாமல் சின்னச் சின்ன ஃபைல்களைப் படித்துக்கொண்டே இருப்பது. அதே ஹார்டு டிஸ்க்கில் எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் சில வாரங்களில் பழையபடிதான் ஆகும். ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டி, அதில் விண்டோஸைப் போடுங்கள். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவுகளில் கொடுத்த காசுக்குப் பலன் கண்ணுக்குத் தெரிவது இதில்தான்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் குரோமில் பத்து டேப் திறந்துவைத்தால் எந்த விண்டோஸும் திணறும். ஃபார்மட் போட்டால் ரேம் கூடிவிடாது. இன்னொரு 4 ஜிபி மாட்டுங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கும். சூடு ஏறும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து பிரஷ்ஷும் புது தெர்மல் பேஸ்ட்டும்தான்.

சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டுகிறதா? இடத்தைக் காலி செய்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கம்ப்யூட்டர் திறக்கும்போது கூடவே கிளம்பும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். வேண்டாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகவே இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ், பாதி நீக்கிய கேம்கள், நான்கு வருடத்துக்கு முன்பு விற்ற பிரிண்டரின் சாஃப்ட்வேர் எல்லாம் கிடக்கின்றன. பிரௌசரைத் திறந்தால் கேட்காத விளம்பரங்கள் குதிக்கின்றன. விண்டோஸ் அப்டேட் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது. இப்படி இருந்தால் புதிதாகப் போடுவதுதான் சுருக்கமான வழி. கடையில் 'ஆக்டிவேட்டர்' வைத்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். அந்த ஆக்டிவேட்டர் ஓடுவதற்காகவே ஆன்டிவைரஸை அணைத்திருப்பார்கள். அன்றிலிருந்து உள்ளே என்னென்ன வந்து குடியேறியிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொரு சோதனையையும் விடாதீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும். நீலத்தில் 'குட்' என்றிருந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் வேகத்தைப் பற்றிய கவலையைத் தள்ளிவைத்துவிட்டு, முக்கியமான ஃபைல்களை அப்போதே வெளியே எடுங்கள். ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலும் அப்படியே.

எந்த விண்டோஸ் போடுவது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவித்தார்கள். ஆகவே மெனக்கெட்டுப் புதிதாகப் போடும்போது, மெஷின் தாங்குமானால் 11-ஐயே போட்டுவிடுங்கள். அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் தோராயமாக எட்டாம் தலைமுறையிலிருந்து கணக்கு. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' ஆப் இதைச் சோதித்து ஆமாம், இல்லை என்று சொல்லிவிடும். குறைந்தபட்சம் 4 ஜிபி என்று அவர்கள் எழுதியிருந்தாலும், 8 ஜிபி இல்லாமல் 11-ஐப் போட நான் சொல்ல மாட்டேன்.

மெஷின் பழையது, வேலையோ பிரௌசர், யூட்யூப், கடிதம் டைப் செய்வது அவ்வளவுதான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன் எல்லாம் உண்டென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பேக்கப் எங்கே எடுப்பது?

டி டிரைவில் நகல் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்தவை. ஒரே வீட்டுக்குள் தடுப்பு வைத்த அறைகள் மாதிரி. கூரை விழுந்தால் எல்லா அறைக்கும் சேர்த்துத்தான் விழும். விண்டோஸ் போடும்போது தவறான பகுதியை அழித்துவிடும் ஆபத்தும் டி டிரைவுக்கு உண்டு.

வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்று வேண்டும். கம்ப்யூட்டரில் நீல நிற யுஎஸ்பி துளை இருந்தால் அதில் செருகுங்கள், பெரும்பாலும் அதுதான் வேகமானது. பழைய யுஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 30 எம்பி வேகம்தான் கிடைக்கும் என்பதால் 200 ஜிபி நகலெடுக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். பென்டிரைவில் எடுக்கிறீர்கள் என்றால் அது 'ஃபேட் 32' முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ நகலாகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்துகொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டப் போகிறவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். கழற்றிய பழைய டிஸ்க்கை அப்படியே பத்திரமாக வைத்துவிடுங்கள். அழிக்காமல் இருக்கும் அதுவே முழுமையான பேக்கப். சாட்டா டிஸ்க்கை யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிறகு அதில் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் குடும்பப் புகைப்படங்கள் போன்ற ஈடு செய்ய முடியாதவற்றை இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள். கழற்றும் டிஸ்க்குக்கும் வயதாகிவிட்டதே.

எதையெல்லாம் எடுப்பது?

சி டிரைவைத் திறந்து 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் போனால் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் எல்லாம் அதற்குள்தான். ஒரே கம்ப்யூட்டரை வீட்டில் பலர் வெவ்வேறு கணக்கில் பயன்படுத்தினால், ஒவ்வொருவர் ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். இது சுலபமான பகுதி. மறந்துபோவது இனிமேல் வருபவைதான்.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் சில ஃபைல்களின் பக்கத்தில் மேகப் படம் தெரியும். அவற்றின் பெயர்தான் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில். இணைய இணைப்பு இருக்கும்போதே அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து இறக்கிக்கொண்டு, பிறகு நகலெடுங்கள்.

பிரௌசர் பாஸ்வேர்டுகளை ஃபோல்டரோடு நகலெடுத்துக் கொண்டுபோக முடியாது. குரோம் அவற்றை உங்கள் விண்டோஸ் கணக்கோடு முடிச்சுப் போட்டுப் பூட்டி வைத்திருப்பதால், புது விண்டோஸில் அந்தப் பூட்டு திறக்காது. கூகுள் கணக்கில் 'சிங்க்' போட்டிருந்தால் கவலை இல்லை. திரும்ப லாகின் செய்ததும் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் வந்துவிடும். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு மேனேஜரில் 'எக்ஸ்போர்ட்' செய்யலாம். அப்படி வரும் ஃபைலை யார் திறந்தாலும் எல்லாப் பாஸ்வேர்டும் வெளிச்சமாகத் தெரியும். வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள்.

ஜிமெயிலை பிரௌசரில் பார்ப்பவர்களுக்கு மெயிலுக்கென்று தனி வேலை இல்லை. அவுட்லுக், தண்டர்பேர்டு வைத்திருப்பவர்கள் அதன் மெயில் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அந்தந்த சாஃப்ட்வேரின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் பார்த்து எடுக்க வேண்டும். தண்டர்பேர்டின் ஃபோல்டர் 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும். எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' போட்டால்தான் அது கண்ணில் படும்.

வீட்டிலேயே கணக்கு எழுதுபவர்களுக்கு டேலி. டேலி பிரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் வரும் 'டேட்டா' மெனுவில் 'பேக்கப்' இருக்கிறது. அதை எடுப்பதோடு நிறுத்தாமல் டேட்டா ஃபோல்டரையும் அப்படியே நகலெடுங்கள். லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுத்தான் ஃபார்மட் போட வேண்டும். மறந்தால் பிறகு டேலிக்காரர்களிடம் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

அடுத்தது, தமிழில் டைப் செய்தவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியவைக்கும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னால் பாமினி, வானவில், செந்தமிழ் என்று பல எழுத்துருக்களில் டைப் செய்தோம். டிடிபி சென்டர்களில் இன்றும் அப்படித்தான். அந்த ஃபைல்களில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு. அப்பா பாமினியில் டைப் செய்து வைத்த குடும்ப வரலாற்றைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டு, எழுத்துருவை மறந்தால், புது விண்டோஸில் அந்த ஃபைல் கிறுக்கலாகத் திறக்கும். பார்த்துப் பதறி, ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது; அதைத் திறந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபைல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். எழுத்துருவின் பெயரே தெரியாமல் பின்னால் தேடுவது பெரும்பாடு.

ஜிஎஸ்டி, வருமான வரிக்கான டிஜிட்டல் கையெழுத்து, யுஎஸ்பி டோக்கனுக்குள் இருப்பதால் அழியாது. அதன் டிரைவரை (அந்தக் கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர்) மட்டும் மறுபடி போட வேண்டும். வாட்ஸ்அப்பின் உரையாடல்கள் போனில் இருப்பதால் திரும்ப இணைத்தால் போதும்.

அப்புறம், ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை: மைக்ரோசாஃப்ட் கணக்கின் முகவரியும் பாஸ்வேர்டும், வைஃபை பாஸ்வேர்டு, உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோமா புரோவா என்பது, ஆஃபீஸ் எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கிறது என்பது. லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ் பெரும்பாலும் முதலில் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கை லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் தொடங்கியிருப்பான். இப்போதே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

'பிட்லாக்கர்' என்ற பூட்டு உங்கள் டிஸ்க்கில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புதிய லேப்டாப்புகளில் நாம் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். அதன் 48 இலக்கச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் படிக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சாவி இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது.

எல்லாம் எடுத்தாயிற்றா? இன்னும் அழிக்க வேண்டாம். மூல ஃபோல்டரையும் நகலையும் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பாருங்கள்; ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள்: ஒரு பழைய புகைப்படம், ஒரு வீடியோவின் கடைசிப் பகுதி, ஒரு பிடிஎஃப், டேலி பேக்கப் ஃபோல்டர். வேறு கம்ப்யூட்டர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

விண்டோஸைப் போடுவது

இரண்டு வழிகள் உண்டு. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது, வைரஸ் சந்தேகம் இல்லை என்றால் சுலபமான வழியே போதும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'ரீசெட் திஸ் பிசி'யை அழுத்துங்கள் (விண்டோஸ் 10-இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி'க்குள் ரெக்கவரி இருக்கும்). 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு கேட்கும். பேக்கப் கையில் இருக்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள், வேலை சுத்தமாக முடியும். அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' கொடுத்தால் இணையத்திலிருந்து புதிய நகலை இறக்கிக்கொள்ளும். 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, எல்லா டிரைவிலும் ஃபைல்களை அழிக்கலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்றே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது ஆமாம் என்று மாறியிருந்தால் டி டிரைவும் காலி.

புது எஸ்எஸ்டி மாட்டியவர்களும், திருட்டு விண்டோஸ், வைரஸ் பிரச்சினை உள்ளவர்களும் பென்டிரைவ் வழிக்கு வாருங்கள்.

1. நன்றாக ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைப்பதைத் தொட வேண்டாம். அதை ஓடவிட்டால் பென்டிரைவில் விண்டோஸை ஏற்றித் தரும். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழியும்.

2. அதே பென்டிரைவில், அல்லது இன்னொன்றில், உங்கள் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை இறக்கி வையுங்கள்.

3. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். விண்டோஸ் போடும்போது அது செருகியிருக்கவே கூடாது. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும். இல்லையென்றால் மின்தடை அறிவித்த நாளில் தொடங்க வேண்டாம்.

4. பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்ட உடனே பூட் மெனு பட்டனை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவா மெஷின்களில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

5. பிராடக்ட் கீ கேட்கும்போது 'ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ' என்று கொடுங்கள். ஒரிஜினல் விண்டோஸ் ஏற்கெனவே இருந்த மெஷின் என்றால் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு பதிவாகியிருக்கும். இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். முன்பு ஹோம் இருந்தால் ஹோம்தான் போட வேண்டும். ஆசைப்பட்டு புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

6. எங்கே போடுவது என்று கேட்கும் திரை. இங்கே மட்டும் மெதுவாகப் போங்கள்.

அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3' என்பதுபோல் எண்ணும் அளவும்தான் இருக்கும். அதனால் சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபி என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். டி-யை விட்டுவைப்பதானால் சி-யின் அளவோடு ஒத்துப்போகும் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்து, அதையே தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். பேக்கப் சரிபார்த்தாயிற்று, முழுதும் புதிதாகவே வேண்டும் என்பவர்கள் அந்த டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் 'டிலீட்' செய்து, 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே துண்டாக வந்த பிறகு அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தேவையான பகுதிகளை விண்டோஸ் தானே பிரித்துக்கொள்ளும். புது எஸ்எஸ்டி ஆரம்பத்திலேயே இப்படித்தான் வரும். பழைய ஹார்டு டிஸ்க்கும் கூடவே மாட்டியிருந்தால், போடும் வரைக்கும் அதன் கேபிளைக் கழற்றி வையுங்கள், குழப்பத்துக்கே இடமில்லை.

டிஸ்க்கே தெரியவில்லையா? பதினொன்றாம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப்புகள் சிலவற்றில் இப்படி ஆகும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் 'இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்கி, பிரித்துப் பென்டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் தெரிந்துவிடும்.

முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது எந்தப் பட்டனையும் தட்ட வேண்டாம். தட்டினால் திரும்பவும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, முதல் திரைக்கே வந்து நிற்கும். "எத்தனை தடவை போட்டாலும் திரும்பத் திரும்பக் கேட்குது" என்று புலம்புபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் 11 ஹோம் ஆரம்பத்திலேயே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வைஃபை தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் கிடைத்துவிடும்.

திரும்ப உள்ளே விடுவது

புது விண்டோஸ் வந்ததும் பேக்கப்பை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம். முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்கும். பெரும்பாலான டிரைவர்கள் அதிலேயே வந்துவிடும். விட்டுப்போனதை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் எடுங்கள். டிரைவர்களைத் தானே தேடிப் போட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர்கள் எதுவும் வேண்டாம். ஃபார்மட் போடவைத்த குப்பையில் அவையும் ஒன்று. செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பகுதியைப் பார்த்து, ஆக்டிவேட் ஆகிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

அடுத்து பேக்கப் டிஸ்க்கைச் செருகுங்கள். எதையும் திறப்பதற்கு முன் அதை ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு டாக்குமென்ட், புகைப்படம், வீடியோ என்று வரிசையாக உள்ளே கொண்டுவரலாம். 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும்.

உள்ளே வரக்கூடாதவை சில உண்டு. பழைய 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரைக் கொண்டுவந்து வைத்தால் அந்த சாஃப்ட்வேர்களில் பல ஓடாது, வெறும் பாரம்தான். பழைய 'ஆப்டேட்டா'வை மொத்தமாகக் கொண்டுவந்தால் பழைய கோளாறுகளும் சேர்ந்து வரும். தண்டர்பேர்டு மாதிரி தேவையானதை மட்டும் எடுத்துப் போடுங்கள். டவுன்லோட்ஸில் கிடக்கும் பழைய இன்ஸ்டால் ஃபைல்கள் வேண்டாம், ஒவ்வொன்றின் சொந்தத் தளத்திலும் புதிது கிடைக்கும். சிலர் ஃபார்மட்டுக்கு முன் 'சிஸ்டம் இமேஜ்' என்று மொத்த டிஸ்க்கையும் படம் பிடித்து வைத்திருப்பார்கள். அதை ரீஸ்டோர் செய்தால் மெதுவாக இருந்த அதே விண்டோஸ் ஒரு சொட்டு குறையாமல் திரும்பி வந்து உட்காரும். அந்த இமேஜ், விட்டுப்போன ஃபைலைத் தோண்டி எடுக்க மட்டும்.

சாஃப்ட்வேர்களையும் ஒரே நாளில் எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. தேவைப்படும் அன்று போடுங்கள். முன்பு வைத்திருந்தவற்றில் பாதி ஞாபகத்துக்கே வராது.

டேலியைப் போட்டு, லைசென்ஸை ஆக்டிவேட் செய்து, அதே 'டேட்டா' மெனுவில் 'ரீஸ்டோர்' கொடுத்துக் கடைசி வவுச்சர் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுத்தால் பழைய ஃபைல்கள் தமிழில் திறக்கும். நேரம் இருக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு நகல் சேமித்துவிட்டால் அடுத்த ஃபார்மட்டில் இந்தக் கவலை இருக்காது. தமிழ் கீபோர்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால், தமிழ் 99, அஞ்சல் இரண்டையும் விண்டோஸிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஃபைல்களைக் கொண்டுவந்த முதல் ஓரிரு நாள் டிஸ்க் கொஞ்சம் பரபரப்பாகவே இருக்கும். தேடலுக்காக எல்லா ஃபைல்களையும் விண்டோஸ் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும், பிறகு அடங்கிவிடும். அதைப் பார்த்து மறுபடி ஃபார்மட் போடக் கிளம்ப வேண்டாம்.

பேக்கப் டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். மின்கட்டண ரசீது, பள்ளிக்கூடச் சான்றிதழ் ஸ்கேன் மாதிரி மாதத்துக்கு ஒரு முறை தேடுபவை அப்போதுதான் ஞாபகம் வரும். மாதம் முடிந்ததும் கன்ட்ரோல் பேனலில் 'ஃபைல் ஹிஸ்டரி'யைத் திறந்து அதே டிஸ்க்கைக் காட்டிவிடுங்கள். டிஸ்க்கைச் செருகும்போதெல்லாம் மாறிய ஃபைல்களை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை செருகினால் போதும். விண்டோஸ் போட்ட பென்டிரைவை எடுத்து வைக்க வேண்டியதில்லை. அடுத்த முறைக்குள் பதிப்பு மாறியிருக்கும், ஃபார்மட் செய்து பாட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.